ஆடி மாசத்து டாட் காம்

கடை வைக்கிறவருக்கு வாசல் எந்தப் பக்கம் என்று கவலை. அந்தக் கடையை இன்டர்நெட்டில் வைத்துக் கொடுக்கிறவருக்குப் புள்ளிக்கு அப்புறம் என்ன வால் என்று கவலை. என்னைப் போல இந்தத் தொழிலில் தலையைக் கொடுத்துவிட்டு விழி பிதுங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், "ஐயோ, எனக்கும் இதேதான்!" என்று கையைத் தூக்குவீர்கள். தாராளமாகத் தூக்குங்கள். நமக்கு நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

தொண்ணூறுகளின் கடைசி. மைசூர் சரஸ்வதிபுரத்தில் ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில் ஒரே ஒரு அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரு டெலிபோன், நான், என் பார்ட்னர் நாகராஜ். இரண்டு பேரும் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள். "வெப்சைட் செய்து தரப்படும்" என்று போர்டு மாட்டியபோது அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அது என்ன பலகாரம் என்றே தெரியாது. ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த என் அப்பா மட்டும் மாடி ஏறி வந்து போர்டைப் படித்துவிட்டு, "பேரு நல்லாத்தான் இருக்கு கீதா, ஆளு வருமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆட்கள் வந்தார்கள்! அந்தக் குஷியை எப்படிச் சொல்வேன்! மோடம் கத்தி, இருமி, கரகரத்து, கடைசியில் லைன் கிடைக்கும்போது நானும் நாகராஜும் நாற்காலியை விட்டே எழுந்துவிடுவோம். வந்தவர் எல்லோருக்கும் முதல் பாடம் இதுதான். கடைப் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி. புள்ளிக்கு அப்புறம் ஒரு வால். வியாபாரத்துக்கு டாட் காம். நெட்வொர்க் நடத்துகிறவர்களுக்கு டாட் நெட். சேவை அமைப்புகளுக்கு டாட் ஆர்க். இந்தியக் கம்பெனிகளுக்கு டாட் கோ டாட் இன். யார் முதலில் பதிவு செய்கிறாரோ அவருக்கே அந்தப் பெயர், இன்னொருவர் அதைத் தொட முடியாது.

அத்தனை பெயர்களில் ஒரே ஒரு பெயரை நான் கோட்டை விட்டேன். அதுவும் ஒரு கல்யாணப் பெண்ணின் பெயர். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு முன்னால் எங்களிடம் வந்தவர்களைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

நாலு பெட்டி

எங்கள் முதல் வாடிக்கையாளர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜ் வைத்திருந்தவர். வெள்ளைக்காரர்கள் அரண்மனை பார்க்க வருகிறார்கள், வருவதற்கு முன்னாலேயே ரூம் போட வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ரொம்பச் சரியான ஆசை. நான் உற்சாகமாக ஒரு வெள்ளைத் தாளில் நாலு வாலையும் எழுதி, ஒவ்வொன்றும் எதற்கு என்று அரை மணி நேரம் விளக்கினேன். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படி ஒரு மாணவர் பயிற்சி நிலையத்தில் கிடைத்திருந்தால் நான் அந்த வேலையை விட்டே வந்திருக்க மாட்டேன்.

கடைசியில் தாளை வாங்கிப் பார்த்தார். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றேன். ஒன்றை எடுத்து மூன்றை விடுவது அவருக்கு மனசே ஆகவில்லை. பேனாவை வாங்கி நாலையும் ஒரே வரியில் எழுதிக் காட்டினார்.

"நாலையும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணாக் கோத்து விட்டுடும்மா, ரயில் பெட்டி மாதிரி. எந்தப் பெட்டில ஏறினாலும் நம்ம லாட்ஜுக்கு வந்து சேரட்டும்."

ஊதுபத்திக்காரர் கண்டுபிடிப்பு

மைசூரில் தடுக்கி விழுந்தால் ஊதுபத்திக்காரர் மேல்தான் விழ வேண்டும். அவர்களில் ஒருவர் உள்ளே வரும்போதே அறை முழுக்க மணத்தது. எனக்கு டாட் ஆர்க்தான் வேண்டும், வேறு பேச்சே இல்லை என்றார். அது தர்ம ஸ்தாபனங்களுக்கானது, உங்களுக்கு டாட் காம்தான் பொருத்தம் என்று நான் சொல்லச் சொல்ல அவர் குறும்பாகச் சிரித்துக்கொண்டே இருந்தார். தான் ஏதோ புதையலைக் கண்டுபிடித்துவிட்டதாகவும் நான் அதை மறைக்கப் பார்ப்பதாகவும் அவர் நினைப்பு.

நாகராஜ் டீ வாங்கப் போன சமயம் பார்த்து நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். சுவருக்கும் காது இருக்கும் என்பது போலக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு எல்லாம் தெரியும் மேடம். டாட் ஆர்க் போட்டுட்டா சேல்ஸ் டாக்ஸ்காரன் உள்ள வரமுடியாதாமே?"

இதுக்கு மேல என்ன ப்ரூஃப்

ஒரு பேங்கிலிருந்து ரிட்டயர் ஆகி மூலிகை எண்ணெய் வியாபாரம் ஆரம்பித்தவர் ஒருவர். அமெரிக்காக்காரன் வால் எதுவும் வேண்டாம், நம் நாட்டு வால்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். எனக்கே புல்லரித்துவிட்டது. ஆனால் அந்த டாட் கோ டாட் இன் வாங்குவது லேசுப்பட்ட காரியமா? கம்பெனி பதிவுப் பத்திரம் வேண்டும், லெட்டர் பேடில் கடிதம் வேண்டும், முத்திரை வேண்டும். அவருடைய கம்பெனி என்பது அவர் வீட்டுச் சமையலறையும் இரண்டு அண்டாவும்தான்.

விடுவாரா? முதல் வாரம் ரேஷன் கார்டு கொண்டுவந்தார். அடுத்த வாரம் டெலிபோன் பில். அதற்கடுத்த வாரம் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பழைய காகிதத்தை மேஜை மேல் வைத்துத் தட்டினார்.

"எங்கப்பா சுதந்திரப் போராட்டத்துல ஜெயிலுக்குப் போன சர்டிபிகேட் இது. நான் இந்தியன்னு சொல்ல இதுக்கு மேல உங்களுக்கு என்னம்மா ப்ரூஃப் வேணும்?"

சிங்கப்பூர் மாப்பிள்ளை

இப்போது நம்ம ஆளுக்கு வருகிறேன். பழனிச்சாமி. கொள்ளேகால்காரர். மைசூரில் பட்டுக் கடை. மகள் பிறந்த வருஷம் ஆரம்பித்த கடை என்பதால் மகள் பெயரையே வைத்துவிட்டார், கோகிலமணி சில்க்ஸ் என்று. அந்தக் கோகிலமணிக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை சிங்கப்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை பேச்சுவாக்கில், "கடைக்கு வெப்சைட் இருக்குதுங்களா மாமா?" என்று கேட்டிருக்கிறார். இவர் சபையில் தலைகுனிய முடியுமா? "இருக்குது மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை உடனே, "அப்படீன்னா கல்யாணத்தன்னிக்கு மண்டபத்துலயே எல்லாருக்கும் போட்டுக் காட்டலாம், என் ஆபீஸ்காரங்களும் வர்றாங்க" என்று சொல்லிவிட்டார்.

இல்லாத வெப்சைட்டுக்கு நாள் குறித்துவிட்டு எங்கள் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தார் பழனிச்சாமி. நான் அப்போதே கோகிலமணிசில்க்ஸ் டாட் காம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். உலகத்தில் யாரும் எடுக்கவில்லை! நான் குதிக்காத குறை. இந்த நிமிஷமே பதிவு செய்துவிடலாம் என்று கீபோர்டை இழுத்தேன். அவர் பதறிப்போய் இரண்டு கையையும் நீட்டித் தடுத்தார்.

"பொறுங்க அம்மிணி, நேத்துத்தான் ஆடி பொறந்துச்சு. என்ற மக பேருல புதுசா ஒண்ணு தொடங்கறது, ஆடியிலயா தொடங்குவாங்க? ஆவணி ஒண்ணு போட்டுக்கலாமுங்க."

ரெண்டு ஆடி

மற்ற ஊரில் இதே தொழில் செய்கிறவர்களுக்கு எங்கள் கஷ்டம் புரியாது. கன்னடக்காரர்களுக்கு ஆஷாட மாசம் ஆகாது. அது ஜூன் கடைசி வாக்கில் ஆரம்பிக்கும். அது எப்போது முடியும் என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருப்போம், முடிகிற சமயத்தில் தமிழர்களுக்கு ஆடி பாதியில் நிற்கும். இரண்டையும் சேர்த்தால் ஆகஸ்ட் பாதிவரை எங்கள் மாடிப்படியில் பூனைதான் ஏறும். சாமுண்டி மலை அம்மன் கோயிலில் மட்டும் ஆஷாட வெள்ளிக்கிழமைகளில் கால் வைக்க இடமிருக்காது.

நான் பழனிச்சாமியிடம் மன்றாடினேன். பதிவு செய்வது வேறு, தொடங்குவது வேறு, நிலத்தை இப்போது வாங்கி வைத்துக்கொண்டு பூஜையை அப்புறம் போடலாம் என்றெல்லாம் சொன்னேன். அவர் மசியவில்லை. அவருக்குத் தெரியாமல் எடுத்து வைத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அவர் மகளுடைய பெயர். நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் ஆடியில் தொட்ட கீதாவைத்தானே சொல்வார்கள்? விட்டுவிட்டேன். என் புத்தியைச் சொல்லுங்கள்! நாகராஜ் இரண்டு பஞ்சாங்கத்தையும் மேஜை மேல் விரித்து வைத்துக்கொண்டு, தலையில் கையை வைத்தபடி தன் கன்னடத் தமிழில் கேட்டான்.

"உங்களுக்கு ஆடி ஆகல்ல, எங்களுக்கு ஆஷாட ஆகல்ல. அமெரிக்காக்காரனுக்கு எந்த மாசம் ஆகல்லன்னு யாராவது சொல்லுங்க, நான் அப்ப வேலைக்கு வர்றேன்."

பத்திரிகை வைக்கிற நாள்

ஆடிப் பதினெட்டு நல்ல நாள்தானே, அன்றைக்கு நகையே வாங்குகிறார்கள், அன்றைக்காவது பதிவு செய்துவிடலாம் என்று ஒரு ஆசையில் பழனிச்சாமிக்குப் போன் போட்டேன். ஆள் கடையில் இல்லை. மத்தியானம் அவரே வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து நின்றார். மஞ்சள் தடவிய பத்திரிகையை என் கையில் வைத்தார். நல்ல நாளாயிற்றே, காலையில் கோயிலில் வைத்துவிட்டு வீடு வீடாகப் பத்திரிகை வைக்கக் கிளம்பிவிட்டார். பிரித்துப் பார்த்தேன். பிள்ளையார், முகூர்த்தம், தாத்தா பாட்டிகள், எல்லாம் சரி. அடியில் தங்க நிறத்தில், கொட்டை எழுத்தில், கோகிலமணிசில்க்ஸ் டாட் காம்!

இன்னும் வாங்காத பெயரை இரண்டாயிரம் பத்திரிகையில் அச்சடித்துவிட்டாரே! இன்றைக்கே பதிவு செய்துவிடலாம் என்று கெஞ்சினேன், பத்திரிகை வைக்கலாம், ஆடியில் புதுசாகத் தொடங்கக் கூடாது என்று தலையை ஆட்டிவிட்டார். இதையெல்லாம் யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். பெருமையாக வரிசைப்படுத்தினார். கோயிலுக்கு அடுத்து சம்பந்தி வீடு, அதற்கடுத்து கடைத்தெரு. கடைத்தெருவில் முதல் பத்திரிகை எதிர்க்கடை வையாபுரிக்கு. அந்த வையாபுரியும் கொள்ளேகால்காரர்தான், பட்டுக் கடைதான். இவர் போர்டு எடுபடாத மாதிரி அவர் பெரிய போர்டு வைத்ததிலிருந்து நாலு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் ஒரே ஊர்க்காரர், எதிரும் புதிருமாகக் கடை, கல்யாணம் என்று வந்தால் நேரில் போய்த் தட்டோடு கூப்பிட வேண்டும். அது மரியாதை. அந்தத் தெருவிலேயே முதன்முதலில் கடையில் கம்ப்யூட்டர் வாங்கி வைத்தவர் அந்த வையாபுரி. பத்திரிகையை வாங்கிக்கொண்டு அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. ஆனா அவன் மாதிரி ஆரும் பத்திரிகையப் படிக்கலீங்க அம்மிணி, அடி வரி வரைக்கும் ரெண்டு தடவை படிச்சான்."

ஆவணி ஒண்ணு

ஆவணி ஒன்றாம் தேதி நல்ல நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே பழனிச்சாமி வந்துவிட்டார். புது வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் பழத்தட்டு. மானிட்டருக்கு மல்லிகைச் சரம் சுற்றி, மோடத்துக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். டாலரில் பணம் கட்டுவதற்கு அமெரிக்காவில் இருந்த நாகராஜின் அண்ணன் கார்டு தயார். மோடம் கத்தியது, இருமியது, லைன் கிடைத்தது. சரியாக நேரம் பார்த்து, "உம், அடிங்க அம்மிணி" என்றார். அடித்தேன்.

அந்தப் பெயர் ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று வந்தது. எழுத்துப் பிழையாக இருக்கும் என்று மறுபடி அடித்தேன். அதே பதில். அந்தக் காலத்தில் ஒரு பெயரை யார் எடுத்திருக்கிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நாகராஜ் பார்த்தான். பதிவு செய்தவர் வையாபுரி. விலாசம், எதிர்க்கடை. பத்திரிகை வைத்த அதே ஆடிப் பதினெட்டு! பழனிச்சாமி திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். என் மேல் அவர் ஒரு சொல் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

"கடைய எடுத்திருந்தாக்கூடப் பரவாயில்லீங்க, என்ற புள்ள பேரையல்ல எடுத்துப்போட்டான்!"

பதிலுக்குப் பதில்

டாட் நெட் சும்மாதான் இருந்தது. அதை எடுத்துக்கொள்ளலாம், மண்டபத்தில் அதைப் போட்டுக் காட்டலாம் என்றேன். பத்திரிகையில் டாட் காம் என்று இருக்கிறதே என்றார். மாப்பிள்ளையின் ஆபீஸ்காரர்கள் அதைத்தானே அடித்துப் பார்ப்பார்கள்? வெறும் திரை வந்தால் இல்லாததை இருக்கிறது என்று சொன்ன மாமனார் என்று ஆகிவிடாதா? இத்தனைக்கும் அவர் பொய் சொன்னதாகவே அவருக்கு நினைப்பில்லை, ஆவணி வந்ததும் உண்மையாகிவிடும் என்று நம்பியிருந்தார். வேறு வழியில்லாமல் டாட் நெட்டை எடுத்தோம். எடுத்து முடித்ததும் அவர் முகம் திடீரென்று மாறியது. வையாபுரி அவருடைய சொந்தக் கடைப் பெயரை எடுத்துவிட்டாரா பாருங்கள் என்றார். பார்த்தேன். வையாபுரிசில்க்ஸ் டாட் காம், அனாதையாகக் கிடந்தது!

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்கிறேன். எனக்கு அந்த நிமிஷம் வந்த உற்சாகம் வாழ்க்கையில் எதற்கும் வந்ததில்லை. ஒரு கல்யாணப் பெண் பேரில் கை வைத்த ஆளா? இருக்கட்டும், இருக்கட்டும்! "பேடா கீதா, வேண்டாம், இது சரியில்ல" என்று நாகராஜ் என் நாற்காலியைப் பின்னால் இழுத்தான். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். பழனிச்சாமி, "அடிங்க அம்மிணி, நல்ல நேரம் இன்னும் பத்து நிமிஷம் இருக்குது" என்றார். அடித்தேன். அஞ்சே நிமிஷத்தில் வையாபுரியின் பெயர் எங்கள் கையில். பழனிச்சாமி கொண்டுவந்த பழத்தை உரித்து எனக்கு ஒன்று கொடுத்தார். நாகராஜுக்கும் நீட்டினார், அவன் வாங்கவில்லை.

"கீதா, நாளைக்கு அந்த வெப்சைட் போர்டைக் கழட்டிடலாம். நாம இன்னிக்கு என்ன தொழில் பண்ணினோமோ அதை எழுதி மாட்டலாம்."

மண்டபத்தில்

கல்யாணத்துக்கு எங்கள் கம்ப்யூட்டரை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். மண்டபத்து மேனேஜர் அறையில்தான் டெலிபோன் இருந்தது. அங்கேயே மேஜை போட்டு, டாட் நெட்டைத் திறந்து வைத்தோம். பட்டுப் புடவைகள் ஒவ்வொன்றாகத் திரையில் மெதுவாக இறங்கி வந்தபோது குழந்தைகள் கூச்சல் போட்டார்கள். மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர் ஒருவர் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் டாட் காம் என்றல்லவா இருக்கிறது என்று கேட்டார். நான் அசடு வழிந்தேன். பழனிச்சாமி காது கேட்காதவர் போல நின்றார்.

அப்போதுதான் வையாபுரி உள்ளே வந்தார். ஒரு கையில் தேங்காய் பழத் தட்டு, தட்டு மேல் ஒரு காக்கி உறை. மேடைக்குப் போகாமல் நேரே எங்கள் அறைக்கு வந்தார். பழனிச்சாமியின் உடம்பு விறைத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வையாபுரி தட்டை நீட்டினார். கல்யாணத்தில் நீட்டிய தட்டை வாங்காமல் இருக்க முடியுமா? வாங்கினார். உறையைப் பிரித்தார். உள்ளே கோகிலமணிசில்க்ஸ் டாட் காமைப் பழனிச்சாமி பேருக்கு மாற்றித் தருகிற ஃபாரம். வையாபுரி கையெழுத்துப் போட்டிருந்தார்.

"பத்திரிகையைப் படிச்சதும் கம்ப்யூட்டர்ல பார்த்தனுங்க, பேரை ஆரும் எடுக்கலை" என்றார் வையாபுரி. "நீங்க ஆவணிக்குக் காத்துட்டிருப்பீங்கன்னு தெரியும், நானும் உங்க ஊர்க்காரன்தானே. ரெண்டாயிரம் பேரு கைக்குப் போற பத்திரிகை. எவனாச்சும் எடுத்துப்போட்டு ஆட்டங்காட்டினா? அதான் என்ற அக்கா பையன் அமெரிக்காவுல இருக்கறான், அவனை விட்டு எடுக்கச் சொன்னேன். நாலு வருசமாப் பேசாதவன் கடைக்கு வந்து சொன்னா நம்பவா போறீங்க? கல்யாணத்துல குடுத்தா வாங்கித்தான ஆகோணும்."

பழனிச்சாமி ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான்தான் கேட்டேன், உங்கள் கடைப் பெயரை ஏன் அன்றைக்கே எடுக்கவில்லை என்று. ஏன் கேட்டேனோ! "கல்யாணம் அவங்களுக்குத்தானுங்க அவசரம். நம்மளுது எங்க போயிருது, மெதுவா எடுத்துக்கலாமுன்னு விட்டுட்டேன்" என்றார் அந்த மனுஷர். எனக்கு மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. நாகராஜ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோள் குலுங்குவதை வைத்துத்தான் சிரிக்கிறான் என்று தெரிந்துகொண்டேன்.

பழனிச்சாமி இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். வையாபுரியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, அது நிஜம். ஆனால் வாயில் வந்தது வியாபாரியின் பேச்சு. "உங்க பேரும் எங்ககிட்டப் பத்திரமா இருக்குதுங்க. எவனாச்சும் எடுத்துருவானோன்னு நாங்களும் எடுத்து வெச்சிருக்கறோம். நாளைக்கே எழுதிக் குடுத்தர்றமுங்க" என்றார்.

வையாபுரி அவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "என்னிக்குங்க அம்மிணி எடுத்தீங்க?" என்று கேட்டார். பொய் சொல்ல நினைத்தேன், நாக்கு வரவில்லை. ஆவணி ஒன்று என்றேன், அவர் எடுத்தது தெரிந்த பிறகு என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். பழனிச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். கெட்டி மேளத்துக்கு நேரமாகிவிட்டது, மேடையில் பெண்ணின் அப்பாவைத் தேடினார்கள். வையாபுரி மேஜை மேல் இருந்த அட்சதைத் தட்டிலிருந்து எடுத்து எனக்கும் பழனிச்சாமிக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தார். பழனிச்சாமியின் தோளில் கையைப் போட்டு மேடைப் பக்கம் திருப்பினார்.

"ஆவணி ஒண்ணா? பரவாயில்லீங்க, ஆகாத வேலையா இருந்தாலும் நம்மாளு நல்ல நாள் பார்த்துத்தான் பண்ணியிருக்கறாரு."

அன்றிலிருந்து நான் பெயரைப் பதிவு செய்ய நாள் பார்ப்பதில்லை, கோபத்தில் செய்கிற காரியத்துக்கு மட்டும் ஒரு மாசம் ஆடி போட்டு வைத்திருக்கிறேன்.